கையெழுத்தும் தலையெழுத்தும்

கல்லூரி விண்ணப்பத் தாளின் கடைசியில் ஒரு வரி உண்டு. 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து' என்று அச்சிட்டு, பக்கத்தில் சிறிது இடம் விட்டிருப்பார்கள். பெயர், பிறந்த நாள், படித்த பள்ளி, பெற்ற மதிப்பெண், பிறந்த வகுப்பு என்று பிள்ளையிடம் எத்தனையோ கேட்டு முடித்தபின், தாயையோ தந்தையையோ அழைத்து, 'உமக்கும் இது உடன்பாடுதானே?' என்று கேட்கின்ற வரி அது. பல வீடுகளில் அந்த இடத்தில் நடுங்கும் கையொன்று நாலு எழுத்து எழுதும். சில வீடுகளில் பெருவிரல் பதியும்.

கையெழுத்துப் போட்டதோடு கடமை தீர்ந்தது என்று கருதும் பெற்றோர் பலர். 'இனி அவன் தலையெழுத்துப்படி நடக்கட்டும்' என்று கூறிப் பெருமூச்சும் விடுகின்றனர். தலையெழுத்தா? கல்லூரி வாயிலில் யார் நுழைந்தார், யார் திரும்பினார் என்பதைத் தீர்மானித்தது தலையெழுத்தா? இந்த நாட்டில் பல்கலைக்கழகம் தோன்றி நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாகின்றன. அந்த வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். தலையெழுத்து என்று நாம் நம்பியது யார் யார் கையெழுத்து என்பது விளங்கும்.

1857 செப்டம்பர் 5ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி நிறுவப்பட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் பல்கலைக்கழகங்கள் பிறந்ததும் அதே ஆண்டில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர்: ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றொருவர் கறோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர். கலித்தொகையை 1887இல் அச்சேற்றித் தந்த அதே தாமோதரம் பிள்ளைதான் அவர் என்று அறியும்போது தமிழ் நெஞ்சங்கள் மகிழும். மகிழட்டும். ஆனால் நாம் கேட்கும் கேள்வி வேறு. தஞ்சையிலும் மதுரையிலும் நெல்லையிலும் அறிவுடைய இளைஞர்கள் இல்லாமலா போயினர்? கடல் கடந்து வந்த இருவர் முதலில் தேறியது எங்ஙனம்?

அவர்கள் இருவரும் அமெரிக்கக் கிறித்தவச் சங்கத்தார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியின் வழி வந்தவர்கள். ஆங்கிலமும் கணக்கும் மேனாட்டு அறிவியலும் அங்கே கற்பிக்கப்பட்டன. பல்கலைக்கழகம் பிறக்குமுன்பே, பல்கலைக்கழகத் தேர்வு எழுதுவதற்கான ஆயத்தம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அவர்களுடைய அறிவு பெரிது, ஐயமில்லை. அந்த அறிவுக்குப் பின்னால் ஒரு பள்ளி நின்றது. வாயிலில் வைக்கப்பட்டதோ மெட்ரிகுலேசன் என்னும் நுழைவுத் தேர்வு. அதன் மொழி ஆங்கிலம். ஆங்கிலம் புழங்கிய வீட்டுப் பிள்ளைக்கு அது படிக்கட்டு. ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைக்கு அது மதில். தேர்வுத்தாள் இருவருக்கும் ஒன்றுதான். வீடு ஒன்றன்று.

இதுதான் நாம் கண்டுகொள்ள வேண்டிய முதல் உண்மை. கல்லூரி வாயிலில் பிள்ளை மட்டும் தேர்வு எழுதுவதில்லை. பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் வீடும் எழுதுகிறது.

அந்த வீடு துணிந்து நின்றால் என்ன நிகழும்? புதுக்கோட்டைக்குச் செல்வோம். அங்கே 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி, பார்ப்பன வகுப்பினர், கல்வித் துறையில் இருந்தவர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபினர். வயது வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது குடும்பத்துக்கு இழுக்கு என்று ஊர் பேசிய காலம். தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து மகளை மெட்ரிகுலேசன் தேர்வு எழுத வைத்தார். பெண் தேறினாள். அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆடவர் பயிலும் மன்னர் கல்லூரி ஒன்றே.

விண்ணப்பம் சென்றது. எழுந்தது எதிர்ப்பு! ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்றனர். அவளுடைய தாயின் குலத்தைச் சுட்டிக்காட்டி முகம் சுளித்தனர். தங்கள் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திக்கொள்வதாக அச்சுறுத்தினர். அவர்களும் பெற்றோர்தாம் என்பதை நாம் மறந்துவிடலாகாது! ஒரு தந்தை மகளுக்காகக் கதவைத் தட்டினார். மற்றத் தந்தையர் அதே கதவைத் தாழிட முயன்றனர். இறுதியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடங்கொடுக்க ஆணையிட்டார். 1904இல் முத்துலட்சுமி கல்லூரி புகுந்தார். மாணவர் கண்ணில் படாதவாறு திரைமறைவில் அமர்ந்து பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் மருத்துவப் பட்டம். பின்னாளில் சட்டமன்றத்தின் துணைத் தலைவர். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை. இவ்வளவுக்கும் முதற்படி எது? ஊர் பேசும் பேச்சுக்கு அஞ்சாத ஒரு தந்தையின் கையெழுத்து.

ஆனால், நாராயணசாமி படித்தவர். எந்தத் தேர்வு, எப்படி எழுதுவது, யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எழுத்தே அறியாத தந்தை என்ன செய்வார்? தறியிலும் வயலிலும் சூளையிலும் வாழ்வைத் தொலைக்கும் தாய்க்கு எந்த மன்னரிடம் செல்ல வழி தெரியும்? தனியொரு தந்தை தன் மகளுக்குச் செய்ததை, கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் இயக்கம் செய்ய வேண்டியதாயிற்று. வகுப்புரிமை வரலாறு அதுவே.

நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் பிறந்த வகுப்புரிமை ஆணை அலுவல்களைப் பற்றியது. அதை நடைமுறையில் உயிர்பெறச் செய்தவர், சுப்பராயன் அமைச்சரவையில் 1928இல் அமைச்சராயிருந்த முத்தையா முதலியார். பின்னர் கல்லூரி இடங்களும் அம்முறையில் பங்கிடப்பட்டன. 1947இல் திருத்தப்பட்ட கணக்குப்படி, ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ-இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முசுலிம்களுக்கு 1. மாநிலம் முழுவதிலும் அப்போது அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு. அவற்றில் இடங்கள் 330. நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395. ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த அந்தப் பெரிய மாநிலத்துக்கு அவ்வளவே!

1950இல் இந்த ஆணையை எதிர்த்து இரு வழக்குகள் எழுந்தன. பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்த மாணவர் ஒருவர் தொடுத்தது ஒன்று. மற்றொன்று செண்பகம் துரைராசன் என்னும் அம்மையார் தொடுத்தது. அவர் 1934இலேயே பி.ஏ. தேறியவர். மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பி விசாரித்தார்; வகுப்புரிமை ஆணைப்படி இடம் கிடைக்காது என்று அறிந்தார்; வழக்கிட்டார். விண்ணப்பம் மட்டும் போடவில்லை! தீர்ப்பிலேயே அந்தச் செய்தி இருக்கிறது. அம்மையாரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வழக்காடுவது எவருக்கும் உள்ள உரிமை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இது: விண்ணப்பமே போடாமல் உச்ச நீதிமன்றம்வரை செல்லும் வழி ஒரு வீட்டுக்குத் தெரிந்திருந்தது. அதே நாளில், விண்ணப்பம் என்றொரு தாள் இருப்பதே தெரியாத வீடுகள் இந்நாட்டில் எத்தனை!

1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது. தமிழகம் கொதித்தது. பெரியார் முழக்கமிட்டார், மாணவர் திரண்டனர், கட்சி வேற்றுமை மறந்து குரல் எழுந்தது. அதே ஆண்டு சூன் மாதம் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 15ஆம் விதியில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. பிற்படுத்தப்பட்ட மக்களின் கல்விக்காகத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று அது கூறிற்று. இன்று நம் பிள்ளைகள் இணைக்கும் சாதிச் சான்றிதழ், ஏதோ அலுவலகச் சடங்குக்கான தாள் அன்று. அந்தப் போராட்டத்தின் பற்றுச்சீட்டு அது. 69 விழுக்காட்டைக் காக்க 1994இல் சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த வரலாறும் அந்தத் தாளுக்குள் மடிந்து கிடக்கிறது.

இடப்பங்கீடு வந்தது, எனினும் வாயில் முழுவதும் திறந்ததா? இல்லை. வாயில் உருமாறியது. மருத்துவக் கல்லூரிக்கு நேர்காணல் என்றொரு சடங்கு இருந்தது. பாட மதிப்பெண் 200, நேர்காணலுக்கு 75. அறைக்குள் செல்லும் பிள்ளை எப்படி நிற்கிறான், எப்படி ஆங்கிலம் பேசுகிறான், இன்னார் மகன் என்று அறிமுகம் உண்டா—இவையெல்லாம் மதிப்பெண்ணாக மாறக்கூடிய இடம் அது. 1970இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மூன்று நிமிட நேர்காணலில் ஒரு மாணவனின் தகுதியை எங்ஙனம் அளக்க முடியும் என்று நீதிமன்றமே வியந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1968இல், மாவட்டவாரியாக மருத்துவ இடங்களைப் பிரித்த முறையும் அங்கே வீழ்ந்தது. 'மைனர் இராசேந்திரன் எதிர் சென்னை மாநிலம்' என்பது அவ்வழக்கின் பெயர். மைனர்! பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் அந்தப் பிள்ளை நீதிமன்றப் படியேறியிருக்க முடியாது.

1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பாட மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100, ஆக 300 என்று கணக்கு. நேர்காணலை விட நேர்மையானது என்று பலரும் நம்பினர். ஆனால் தேர்வைத் தொடர்ந்து வந்தது பயிற்சி வகுப்பு. பயிற்சி வகுப்பைத் தொடர்ந்து வந்தது கட்டணம். நகரத்துப் பிள்ளை பயிற்சிக்குச் சென்றான். சிற்றூர்ப் பிள்ளை மாடு மேய்த்த நேரம் போகப் படித்தான். 2006இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிட்டியது. நுழைவுத் தேர்வு ஒழிந்தது. பத்தாண்டு கழித்து, 2017இல், மருத்துவக் கல்விக்கு 'நீட்' என்னும் பெயரில் அகில இந்தியத் தேர்வு வந்து நின்றது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது.

இதற்கிடையே நிகழ்ந்த நல்லவற்றையும் கூறவேண்டும். ஒற்றைச் சாளர முறை 1997இல் பொறியியலுக்கு வந்தது. கல்லூரிதோறும் அலைந்து விண்ணப்பம் வாங்கிய நிலை மாறி, தரவரிசைப்படி அழைத்து, திரையில் காலியிடம் காட்டி, எவரும் காண இடம் கொடுத்தனர். பரிந்துரைக் கடிதத்துக்கு அங்கே வேலையில்லை. குடும்பத்தில் முதலில் பட்டம் பெறப்போகும் பிள்ளைக்கு 2010இல் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. 2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. பேருந்தேறிச் சென்னை சென்று, மர நிழலில் கட்டுச்சோறு பிரித்து, பெயர் கூப்பிடக் காத்திருந்த தந்தையும் மகளும் இன்று ஊரிலிருந்தே இடம் பெறலாம்.

பெறுகிறார்களா? இங்கேதான் நம் நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்றைக் கூறியாக வேண்டும்.

நம் வகுப்பில் படித்தாள் ஒரு பெண். செங்கற்சூளைத் தொழிலாளியின் மகள். கணக்கில் அவளுக்கு நிகர் அவளே. விண்ணப்பித்தாள், தரவரிசையில் பெயர் வந்தது, விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தினாள், இடமும் ஒதுக்கப்பட்டது. 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். அதற்குத் தரப்படும் கெடு மிகச் சில நாட்களே. அது ஆடி மாதம். 'ஆடியிலே நல்ல காரியம் தொடங்கக் கூடாதும்மா. ஆவணி பொறக்கட்டும், அப்பா வந்து கையெழுத்துப் போடறேன்' என்றார் தந்தை. பெண் மறுத்துப் பேச அஞ்சினாள். ஆவணி பிறந்தது. இடம் போயிற்று. நம்மிடம் வந்து நின்ற தந்தை, 'ஆடி கழியட்டும்னுதான் சார் சொன்னேன், வேண்டாம்னு சொல்லலையே' என்றார். அந்தச் சொல்லில் சூது இல்லை, அன்பே இருந்தது. அறியாமை அன்பின் உடையில்தான் நம் வீடுகளுக்குள் நுழைகிறது.

அவர்மீது சினங்கொள்வது எளிது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளி அவரை எதற்காக அழைத்தது? மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட. இந்த வாயில் எப்படித் திறக்கும், எந்த நாளில் மூடும் என்று எவரேனும் அவருக்கு ஒரு முறை சொன்னதுண்டா? நாம் சொன்னோமா? இல்லை. குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு அவள் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கணிதம் சேர்ந்தாள். மகிழ்ச்சிதான், எனினும் பனியன் ஆலையில் கழிந்த அந்த ஓராண்டை அவளுக்கு எவர் திருப்பித் தருவர்?

ஆகவே வரலாறு கற்பிக்கும் பாடத்தைப் பெற்றோருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்வோம்.

சான்றிதழ்களைப் பதினோராம் வகுப்பிலேயே ஆயத்தம் செய்யுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று—இவை ஒவ்வொன்றும் ஓர் உரிமையின் சாவி. தேர்வு முடிவு வந்தபின் ஓடினால், இ-சேவை மையத்தில் ஊரே நிற்கும். பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் எல்லாத் தாளிலும் ஒன்றாயிருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

விருப்ப வரிசை பிள்ளையுடையது. கணினி அந்த வரிசையை மேலிருந்து கீழாகப் படித்து, பிள்ளையின் தரத்துக்கு எட்டும் முதல் இடத்தைத் தருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த படிப்பை முதலில் எழுதச் சொன்னால், நான்கு ஆண்டு படிக்கப் போவது உங்கள் மகன். பக்கத்து வீட்டுக்காரர் அல்லர். கேளுங்கள், அறிவுரை கூறுங்கள், வாதிடுங்கள். முடிவை அவன் எடுக்கட்டும்.

வீட்டின் வரவும் கடனும் பிள்ளைக்குத் தெரியட்டும். மறைத்து வைத்து, வட்டிக்கு வாங்கி, 'இடம் வாங்கித் தருகிறேன்' என்னும் தரகனிடம் கொட்டாதீர்கள். ஒற்றைச் சாளரத்தில் தரகனுக்கு இடமில்லை. உங்கள் அறியாமையில்தான் அவனுக்கு இடம்.

பெண் என்றால் 'பக்கத்தில் இருப்பதில் சேர்' என்று சுருக்காதீர்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு புதுக்கோட்டையில் ஒரு தந்தை ஊரை எதிர்த்தார். இன்று எதிர்க்க வேண்டியது உறவினர் நாலு பேரின் முணுமுணுப்பை மட்டுமே.

நாளும் கோளும் பாராதீர்கள். இராகு காலத்தில் கட்டிய கட்டணத்தைக் கணினி திருப்பி அனுப்புவதில்லை. நல்ல நேரத்தில் தவறிய கெடுவை அது மன்னிப்பதுமில்லை. படிப்பைத் தேர்ந்தெடுக்கச் சோதிடனிடம் செல்வதைவிட, அந்தப் படிப்பை முடித்த ஒருவரிடம் அரைமணி நேரம் பேசுவது மேல்.

இவை பெற்றோருக்கு. இனி நமக்கு.

தோழர்களே, பட்டம் பெற்றவர் ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தச் செய்திகள் காற்றோடு கலந்திருக்கின்றன, சோற்றோடு பரிமாறப்படுகின்றன. இல்லாத வீட்டில் எவர் சொல்வது? நம் படிப்பகங்கள் எதற்கு? நம் மன்றங்கள் எதற்கு? சித்திரை முதல் ஆவணி வரை மாலைதோறும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இணைய இணைப்புள்ள ஒரு கைப்பேசி, விவரம் அறிந்த இருவர்—இவ்வளவு போதும். மகனோடும் மகளோடும் வரும் தாயை உட்காரவைத்து, தாளை அவர் பக்கம் திருப்பி, வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். அவருக்காக நீங்கள் நிரப்பிவிடாதீர்கள்; அவருக்கு விளங்கச் செய்யுங்கள். விளங்கிய தாய் அடுத்த வீட்டுத் தாய்க்குச் சொல்வாள்.

சென்ற ஆண்டு நம் ஊர்ப் படிப்பகத்தில் அப்படியொரு மேசை போட்டோம். இரண்டாம் நாளே வந்தார் ஒருவர், கையில் நெகிழிப் பையில் சுற்றிய தாள்கள். சூளைத் தொழிலாளிதான், அதே தந்தை. இளைய மகனுக்காக வந்திருந்தார். சான்றிதழ்கள் ஐந்தையும் ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தார். கடைசி நாள் எது என்று கேட்டார், சொன்னோம். மகளிடம் திருப்பி ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, 'எங்கே சார் கையெழுத்துப் போடணும்?' என்றார்.

இடத்தைக் காட்டினோம். நாலு எழுத்துத்தான் எழுதினார். எதற்காக எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதினார்.